ஒலியில் நிகழ்ந்த வழக்குகள்: அமெரிக்க வானொலிக் குற்ற நாடகங்கள் ஒரு பார்வை

1930கள் முதல் 1950களின் நடுப்பகுதி வரையிலான காலத்தை அமெரிக்க வானொலியின் பொற்காலம் என்பர். அக்காலத்தில் குற்றமும் வழக்கும் நேயர்களைப் பெரிதும் ஈர்த்த நாடகப் பொருள்களாக விளங்கின. அவற்றை வெறும் பொழுதுபோக்காக மட்டும் நோக்குதல் போதாது. அந்நாடகங்களில் நீதி யாருடைய குரலில் பேசியது என்னும் வினாவை இங்கு ஆராய முற்படுகிறோம்.

பிலிப்ஸ் எச். லார்ட் என்பவர் 1935ஆம் ஆண்டில் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் வழக்குகளை அடிப்படையாகக் கொண்டு 'ஜி-மென்' தொடரைத் தயாரித்தார். அதன் வழிவந்த 'கேங் பஸ்டர்ஸ்' 1936 முதல் 1957 வரை ஒலித்தது. தேடப்படும் குற்றவாளிகளின் அங்க அடையாளங்கள் அந்நிகழ்ச்சியிலேயே அறிவிக்கப்பட்டன. இதனால் நேயர் காவல் துறையின் துணைவராகவும் ஆனார். 1939இல் தொடங்கிய 'மிஸ்டர் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி' அரசுத் தரப்பு வழக்கறிஞரைத் தலைமைப் பாத்திரமாக்கியது. நியூயார்க்கில் குற்றக் கும்பல்களை எதிர்த்துப் புகழ்பெற்ற தாமஸ் டூயி அதற்குத் தூண்டுகோலாக அமைந்தார்.

தற்காப்புத் தரப்பின் குரல் ஒலிக்காமலும் இல்லை. வழக்கறிஞராகப் பணியாற்றிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் படைத்த 'பெரி மேசன்', சி.பி.எஸ். வானொலியில் 1943 முதல் 1955 வரை 15 நிமிட வாரநாள் தொடராக ஒலித்தது. எனினும், குறுக்கு விசாரணையைக் காட்டிலும் தொடர்கதைக்குரிய திருப்பங்களே அதில் மேலோங்கின. மேசனை நீதிமன்ற நாயகனாகப் பலர் அறிந்தது 1957இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் வாயிலாகவே எனலாம்.

1949ஆம் ஆண்டு ஜூன் திங்களில் என்.பி.சி. வானொலியில் தொடங்கிய 'டிராக்னெட்' இவ்வகையின் உச்சமாகும். ஜேக் வெப், லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையின் ஒத்துழைப்புடன் அதன் வழக்குக் கோப்புகளைத் தழுவி இந்நாடகங்களை உருவாக்கினார். காலடி ஓசை, தொலைபேசி மணி, உணர்ச்சி கலவாத உரையாடல் ஆகியவை மெய்ம்மைத் தன்மையை அளித்தன. இங்கு ஒன்று நம் கவனத்திற்குரியது. விசாரணை நாடகம் முழுவதும் விரிய, வழக்கின் தீர்ப்போ இறுதியில் அறிவிப்பாளரின் சில வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. சாட்சியமும் வாதமும் எதிர்வாதமும் அங்கு இடம்பெறுவதில்லை. நேயரைப் பொறுத்தவரை, கைதின்போதே வழக்கு முடிந்துவிடுகிறது.

இவ்வடிவத்தின் விளைவை உணர, அதே நகரத்தின் வரலாற்றை உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 1951ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் தங்கள் காவலில் இருந்த 7 இளைஞர்களைக் கடுமையாகத் தாக்கினர். அவர்களுள் ஐவர் மெக்சிக வழியினர். 1952இல் 8 காவலர்மீது குற்றம் சாட்டப்பட்டு, ஐவர் தண்டனை பெற்றனர். வானொலியில் தவறிழைக்காத காவலரின் குரல் ஒலித்த அதே ஆண்டுகளில், உண்மையான நீதிமன்றம் காவலரையே விசாரித்தது.

'சஸ்பென்ஸ்' தொடர் 1962 செப்டம்பர் 30ஆம் நாள் நிறைவுற்றதோடு அவ்வானொலிக் காலமும் முடிவுற்றதாகக் கருதுவர். இப்பழைய ஒலிப்பதிவுகள் இன்றும் சுவை குன்றாதவை. ஆயினும், அவற்றைச் செவிமடுக்கும் மாணவர், ஒலிக்கும் குரலோடு ஒலிக்காத குரல்களையும் எண்ணிப் பார்க்குமாறு வழிநடத்துவது நம் கடமையாகும். குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பையும் கேட்ட பின்னரே தீர்ப்பு என்பதுதான் நீதிமன்றத்தின் அறம். வரலாற்றை வாசிப்போர்க்கும் அதுவே நெறி.