குடிநீர் நியமமொன்றின் தோற்றம்

நீரின் தூய்மையை நிறம், மணம், சுவை என்பவற்றாற் துணிதல் நெடுங்கால வழக்காகும். அவ்வழக்கின் போதாமையை 1892இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிற் பரவிய கொலரா புலப்படுத்திற்று. ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர்.

ஹம்பேர்க்கும் அயல் நகராகிய அல்ரோனாவும் எல்பே ஆற்று நீரையே பருகின. ஹம்பேர்க்கின் கழிவுகள் கலந்த கீழ்ப்பகுதியிலேயே அல்ரோனா நீர் பெற்றது. எனினும் அந்நகர் பெருமளவு தப்பியது. அங்கு நீர் மணலில் வடிக்கப்பட்டது, ஹம்பேர்க்கில் வடிக்கப்படவில்லை. ஹம்பேர்க் அமைத்துவந்த வடிநிலையம் 1893இலேயே இயங்கத் தொடங்கியது. ஓராண்டுத் தாமதத்தின் விலையை நாம் இங்குக் காண்கின்றோம்.

இதனை ஆராய்ந்த றொபேட் கொக், வடித்த நீரின் ஒரு கன சென்ரிமீற்றரிற் பற்றீரியாக் குடித்தொகுதிகள் 100க்கு மேற்படலாகாது என வரையறுத்தார். 1881இல் அவர் எடுத்துக்காட்டிய திண்ம ஊடக வளர்ப்பு முறையே இவ்வெண்ணிக்கையைச் சாத்தியமாக்கிற்று. இவ்வெல்லை கொலராக் கிருமியை அளக்கவில்லை. வடிகட்டி செவ்வனே இயங்குகின்றதா என்பதையே அளந்தது.

1885இல் தியோடர் எஷெரிக் விவரித்த குடற் பற்றீரியா பின்னர் மலக்கலப்பின் சுட்டியாயிற்று. 100 மில்லிலீற்றர் குடிநீரில் அது காணப்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டல்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறைப் பிளவுகளினூடாக மலக்குழிக் கழிவு கிணற்றை எளிதில் அடையும். தெளிந்த நீரே அங்கும் ஏமாற்றும். ஹம்பேர்க் மக்கள் மாண்டபோது இந்நியமம் தோன்றியிருக்கவில்லை. நியமத்தை அறிந்தும் கிணற்றைச் சோதியாதிருப்போமாயின், அச்சமாதானம் நமக்கில்லை.