படிநிலையும் காத்திருப்பும்: கெர்னலின் வரலாற்றில் ஒரு முடிச்சு

கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது என்பது நாம் நம்பிப் பழகிவிட்ட ஒரு தோற்றம். பிராசஸர் ஒன்றுதான் என்றால் ஒரு கணத்தில் ஓடுவதும் ஒரு வேலைதான், மற்றவை நிற்கும். எதை ஓடவிடுவது, எதை நிறுத்திவைப்பது என்று தீர்மானிக்கும் இடம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல். அதன் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறார்கள். நான் அதைக் காத்திருப்பின் வரலாறாக வாசித்துப் பார்க்கிறேன். யாரு ஓடறதுங்கறதைவிட யாருக்காக யாரு நிக்கறதுங்கற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1950களில் துளையிட்ட அட்டைகளை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவர் மனிதர். 1961 நவம்பரில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். இந்தக் காத்திருப்பை இயந்திரத்துக்குள் நகர்த்தியது. நேரம் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, வரிசையில் நின்ற புரோகிராம்களுக்குப் பங்கிடப்பட்டது. தன் பங்குக்குள் முடிக்காதது கீழ் வரிசைக்கு இறக்கப்படும். அங்கே முறை வரத் தாமதமாகும், வந்தால் இருமடங்கு நேரம் கிடைக்கும். பங்கீடு என்ற பெயரிலேயே ஒரு படிநிலையும் உருவாகிவிட்டது.

ஆனால் வேலைகள் தனித்தனித் தீவுகள் அல்ல. ஒரே நினைவகத்தைப் பகிரும் இரண்டு இழைகள் ஒரே தரவை ஒருசேரத் தொட்டால் அது குலைந்துபோகும். 1960களில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதற்காக 'செமஃபோர்' என்பதைக் கொண்டுவந்தார். ரயில்வே கைகாட்டியின் பெயர்தான். உள்ளே போனது வெளியே வரும்வரை மற்றது நிற்க வேண்டும்.

முடிச்சு இங்கேதான் விழுகிறது. இப்படிப்பட்ட பூட்டுக்குப் படிநிலை தெரியாது. முதலில் எடுத்த கை எதுவோ அதுக்குத்தான். பூட்டு கீழ்நிலை இழையிடம் இருக்கும்போது மேல்நிலை இழை வந்தால் நிற்க வேண்டியதுதான். கொஞ்ச நேரம், பரவாயில்லை. இடைநிலை இழை ஒன்று குறுக்கே புகுந்தால்? கீழ்நிலையைத் தள்ளிவிட்டு அது ஓடும், பூட்டு திறக்காது, பூட்டோடு சம்பந்தமே இல்லாத, தன்னைவிடத் தாழ்ந்த ஒன்றுக்காக மேல்நிலை நின்றுகொண்டிருக்கும். இதை முன்னுரிமைத் தலைகீழாக்கம் எனலாம். 1980இலேயே லாம்ப்சனும் ரெடலும் மேசா மொழி குறித்த கட்டுரையில் இதை விவரித்துவிட்டார்கள். 1990இல் ஷா, ராஜ்குமார், லெஹோட்ஸ்கி மூவரும் தீர்வை முறைப்படுத்தினார்கள்: பூட்டு கையில் இருக்கும்வரை, காத்திருப்பவரின் முன்னுரிமை கீழ்நிலை இழைக்கு இரவலாகக் கிடைக்கும்.

1997 ஜூலை 4இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர், வானிலைத் தரவு சேகரிக்க ஆரம்பித்த சில நாட்களில் தானாகவே ரீசெட் ஆனது. வானிலை வேலை கீழ்நிலையில் இருந்தது. தகவல் பரிமாற அது பயன்படுத்திய 'பைப்'புக்குள் ஒரு பூட்டு. கலத்தின் தகவல் பாதையை நிர்வகித்த மேல்நிலை வேலை அதே பூட்டுக்காக நின்றது. நடுவில் இருந்தவை புகுந்து ஓடின. குறித்த நேரத்துக்குள் வேலை முடியாததைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் மறுபடி தொடங்கவைத்தது. அன்றைய மிச்ச வேலைகள் மறுநாளுக்குப் போயின. பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் அதே பழுதை வரவழைத்துக் காரணத்தைப் பிடித்தார்கள். மருந்து வெளியே எங்கும் இல்லை. கலத்தில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸிலேயே முன்னுரிமையை இரவல் தரும் வசதி இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது அணைக்கப்பட்டிருந்தது. இங்கிருந்து கட்டளை அனுப்பி அதை இயக்கினார்கள்.

இதே பழுது புறப்படும் முன்பே சோதனையில் தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியவில்லை. குழுவின் கவனமோ தரையிறக்கும் மென்பொருள் மேல் இருந்தது. மனிதர்களின் வேலையிலும் ஒரு முன்னுரிமைப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

கெர்னலைச் சமூகத்தின் உருவகமாக்கிக் கைதட்டு வாங்குவது சுலபம்; எனக்கு அதில் ஆர்வமில்லை. நான் கேட்பது நேரடியான ஒரு வரலாற்றுக் கேள்வி: 17 ஆண்டுகளாகத் தெரிந்த நோய், 7 ஆண்டுகளாக எழுத்தில் இருந்த மருந்து, ஏன் அணைந்தே கிடந்தது? தொழில்நுட்பத்தில் முன்கூட்டியே அமைத்துவைக்கப்படும் நிலையும் ஒரு தீர்மானம்தான். யாரும் எடுக்காதது போலத் தோற்றம் காட்டும் தீர்மானம். 2006இல் லினக்ஸ் கெர்னலும் இந்த இரவலைப் பயனர் புரோகிராம்களின் பூட்டுகளுக்குத் திறந்துவிட்டது. அங்கேயும் கேட்டாத்தான் கிடைக்கும். படிநிலையை வகுப்பவர்கள் மேலே யார் என்று முதலில் எழுதிவிடுகிறார்கள். கடைசியில் நிற்பவன் கையில் எந்தப் பூட்டு இருக்கிறது என்பதை, எல்லாம் நின்றுபோன பிறகுதான் எண்ணிப்பார்க்கிறார்கள்.