வயது வந்தோர் மீதான பாதுகாவலும் அதனை எதிர்த்து வழக்காடும் உரிமையும்

பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தம் உடல், பொருள், உறைவிடம் ஆகியவற்றைப் பற்றித் தாமே முடிவு செய்ய வல்லவர் என்பது நம் சட்டத்தின் பொது விதி. அவ்விதிக்கு விலக்காக, ஆட்டிசம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு முதலியவற்றைக் காரணம் காட்டிப் பிறரொருவர் பாதுகாவலராக நியமிக்கப்படும்போது, அந்நியமனத்தை எதிர்த்து நியாயஸ்தலத்தின் படியேறும் உரிமை யாருக்கு உண்டு என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கழக்கூட்டத்தை இதற்குக் களமாகக் கொள்ளக் காரணம் உண்டு. 1990இல் தோன்றிய தகவல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க்கினால் பெயர் பெற்ற இவ்வூரிலேதான், கின்ஃப்ரா வளாகத்து மாயாஜாலக் காட்சிக்கூடமான மேஜிக் பிளானட்டை ஒட்டி, அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையோர் மக்கள் முன் பாடியும் ஆடியும் தம் திறமையைக் காட்டும் டிஃபரன்ட் ஆர்ட் சென்டர் இயங்குகிறது. மேடையில் திறமை படைத்தவராக மதிக்கப்படுபவர் சட்டத்தின் முன் எவ்வாறு மதிக்கப்படுகிறார் என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழுகிறது.

வயது வந்தோரைப் பிறர் அதிகாரத்துக்குள் வைத்தல் மலையாள நாட்டுக்குப் புதிதன்று. தாய்வழி மரபான மருமக்கத்தாயக் குடும்பங்களில், குடும்பத் தலைவராகிய காரணவர் தறவாடு எனப்படும் கூட்டுக்குடும்பத்தின் சொத்து முழுவதையும் நிர்வகிக்க, அவருக்கு இளைய உறுப்பினராகிய அனந்திரவர்கள், வயதும் அனுபவமும் முதிர்ந்தவராயினும், பாகம் பிரித்துக் கேட்கும் உரிமையின்றி அவர் கைபார்த்து வாழ்ந்தனர். ஆயினும், காரணவர் சொத்தை விரயம் செய்தால் அவரை நீக்கக் கோரி அனந்திரவரே வழக்குத் தொடுக்கலாம் என்பதை மலையாள நாட்டு வழக்குகளை விசாரித்த நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏற்றுக்கொண்டன. தக்க காரணமின்றி நீக்கம் கூடாது என்று எச்சரித்தனவேயன்றி, அதிகாரத்துக்கு உட்பட்டவர் வாய் திறக்கலாகாது என்று அவை கூறவில்லை. திருவிதாங்கூரின் 1925ஆம் ஆண்டு நாயர் சட்டம் பாகம் பிரிக்கும் உரிமையை வழங்கிற்று. 1975இல் கேரளச் சட்டம் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது.

இப்பூர்வ சரித்திரத்தை மனத்திற்கொண்டு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை நோக்கினால் வியப்பே மிஞ்சும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றை உடையோருக்குக் கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம் என்கிறது 14ஆம் பிரிவு. அப்பாதுகாவலர் கொடுமை இழைத்தாலோ சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்க விண்ணப்பிக்கத்தக்கவர் யாவர் என்று வினவினால், பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு என மூவரையே 17ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. கொடுமைக்கு ஆளானவர் அப்பட்டியலில் இல்லை. பாதுகாவலர் பெரும்பாலும் பெற்றோரோ உறவினரோ ஆதலால், குற்றஞ்சாட்டப்படுபவரின் சுற்றத்தாரிடமே முறையிடும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, துன்புறுபவரை மௌனத்தில் நிறுத்துகிறது சட்டம். ஒரு நூற்றாண்டுக்கு முன் அனந்திரவருக்கு இருந்த வாய் இவருக்கு வெளிப்படையாகத் தரப்படவில்லை.

இக்குறையைப் பெருமளவு நீக்கவல்லது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அவ்வுரிமைகள் குறித்து இந்தியா 2007இல் ஏற்ற ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை அடியொற்றி எழுந்த இச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, குறித்த காலத்துக்கு, குறித்த முடிவுக்கு, சம்பந்தப்பட்டவரின் சித்தத்துக்கு இணங்கவே வரையறுக்கப்பட்ட பாதுகாவல் அமையலாம் என்கிறது; பிற சட்டங்களின்கீழ் ஏற்கெனவே நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இனி அவ்வரையறைக்கு உட்பட்டே செயற்படுவர் என்று விதிக்கிறது; நியமனத்தால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக்கே மேல்முறையீட்டு உரிமையும் அளிக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, தம் பிரதிநிதியை நோயாளி தாமே நியமிக்கவும், விரும்பியபோது மாற்றவும் இடந்தருகிறது. ஆகவே 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் மௌனத்தைத் தடையாகக் கொள்ளாமல், பின்வந்த சட்டங்களின் ஒளியில் பொருள்கொள்வதே நீதிமன்றங்களின் கடமை என்பது என் துணிபு.

வயது வந்தவரின் வாய்மொழியைக் கேட்டால் வழக்கின் போக்கே மாறும் என்பதற்குக் கேரளத்திலிருந்து உச்சநீதிமன்றம் சென்ற வழக்குகளே சான்று. 24 வயது மாணவி ஒருவரைப் பெற்றோர் காவலில் விட்ட உயர்நீதிமன்றத் தீர்ப்பை, 2017 நவம்பரில் அவரை நேரில் கேட்டறிந்தபின், 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் நீக்கிற்று. தந்தையுடன் குவைத்தில் வாழ விரும்பிய மகளின் வழக்கில், 2018 ஜனவரியில், தாயின் உணர்ச்சிக்கோ தந்தையின் அகந்தைக்கோ இசைந்து நீதிமன்றம் மேலான பாதுகாவலராகிவிடலாகாது என்று அது தெளிவுறுத்திற்று. இவ்விருவரும் அறிவுக் குறைபாடு இல்லாதவர். எனினும், முடிவு செய்யுமுன் உரியவரைக் கேட்டல் என்னும் நெறி, பேச்சுத் தடுமாறுபவருக்கு இன்னும் அதிகமாகவே தேவை.

நினைவிழந்து கிடப்பவர் எங்ஙனம் வழக்காடுவார் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அத்தகையோருக்குத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், 2019 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் பாதுகாவலர் நியமனத்துக்கு மருத்துவக் குழுவின் பரிசோதனை, தாசில்தார் நிலைக்குக் குறையாத அதிகாரியின் விசாரணை, ஆறு மாதத்துக்கொருமுறை அறிக்கை முதலிய நெறிகளை வகுத்தது. பேச இயலாதவருக்கு இவ்வளவு காப்பு வேண்டுமென்றால், பேச இயன்றவரின் பேச்சைக் கேட்க மறுப்பதற்கு யாது நியாயம்? பேச இயலாமை, இயன்றவர்களையும் ஊமையாக்கும் பிரமாணமாகக் கூடாது.

எனவே செய்யத்தக்கவை மூன்று. பாதுகாவல் கோருபவரே அதன் அவசியத்தை நிரூபிக்க வேண்டும். பாதுகாவல் யாருக்காகக் கோரப்படுகிறதோ அவர் இலவசச் சட்ட உதவியால் தமக்கெனத் தனி வழக்கறிஞரைப் பெற வேண்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் பாதுகாவலுக்கு உட்பட்டவரை நாடாளுமன்றம் முதலிடத்தில் சேர்க்க வேண்டும். கழக்கூட்டத்து இளைஞர் ஒருவர், தம் பாதுகாவலர்மேல் குறையுடையவராயின், உறவினரின் துணையை எதிர்பார்த்து நிற்காமல், குடப்பனக்குன்னின் கலெக்டர் அலுவலகத்திலோ வஞ்சியூரின் ஜில்லா நீதிமன்றத்திலோ தம் கையெழுத்திலோ கைநாட்டிலோ மனுக் கொடுக்க இயலுமாயின், அன்றே பாதுகாவல் என்பது அதிகாரமாக இல்லாமல் சேவையாக நிலைபெறும்.