அரசூர்/87: கால்நடை மருத்துவரின் தொடர்கல்வி வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்ட கால்நடை மருத்துவர் ஒருவர் அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் நடத்துகிறார். அந்த இடைவெளியில் நோய்களும் மருந்துகளும் சட்டங்களும் மாறிவிடுவதால் அவர் மீண்டும் மீண்டும் கற்க வேண்டியவராகிறார். இதற்கான ஏற்பாடே தொடர் கால்நடை மருத்துவக் கல்வி எனப்படுகிறது. ஒரே உறுப்பிலோ ஒரே இனத்திலோ சிறப்புப் பயிற்சி பெறாமல் காலையில் கறவை மாட்டையும் மாலையில் வளர்ப்பு நாயையும் பார்க்கும் பொதுச் சிகிச்சையாளருக்குத்தான் இதன் தேவை மிகுதி. தமிழகத்தில் இதன் தொடக்கத்தை 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்திலும், 1989இல் அமைந்த மன்றத்திலும், அதே ஆண்டு செப்டம்பரில் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலும் வைத்துவிடுவது எளிது. நிறுவனத்துக்குப் பிறந்த நாள் உண்டு, பழக்கத்துக்கு இல்லை என்பதே அந்த எளிமைக்குக் காரணம். பழக்கம் நிறுவனத்துக்கு மிக முந்தியது என்றும், அது மேலிருந்து வழங்கப்பட்டதைக் காட்டிலும் களத்திலிருந்து எழுந்தது என்றும் இக்கட்டுரை கருதுகிறது.

இக்கருத்துக்கு எதிராக நிற்கக்கூடிய வலுவான வாசிப்பு சௌரப் மிஸ்ராவுடையது. 1790 முதல் 1920 வரையிலான வட இந்தியக் கால்நடை நலத்தை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ‘பீஸ்ட்லி என்கவுண்டர்ஸ் ஆஃப் தி ராஜ்’ என்னும் நூலில், காலனிய அரசின் கால்நடை மருத்துவம் நெடுங்காலம் படைக்குதிரையைச் சுற்றியே இயங்கியது என்றும், உழவனின் மாடு அதன் பார்வையில் ஓரத்தில்தான் நின்றது என்றும் அவர் நிறுவுகிறார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய்ந்து 1871இல் அறிக்கை அளித்த குழுவின் தலைவர் ஹாலன், பின்னாளில் குதிரை இனப்பெருக்கப் பணிகளின் கண்காணிப்பாளராகவே அறியப்பட்டார். 1890களின் தொடக்கத்தில் உருவான குடிமைக் கால்நடைத் துறையும் குதிரை இனப்பெருக்கத் துறையின் வயிற்றில் பிறந்ததே. சென்னை மாகாணத்திலும் சான்று இல்லாமல் இல்லை. இன்று மாட்டுப்பண்ணையாக அறியப்படும் ஓசூர் மத்திகிரிப் பண்ணை, 1824இல் படைக்குதிரைகளுக்கான நிலையமாகவே தொடங்கப்பட்டது.

மிஸ்ரா தம் எல்லையை வட இந்தியா என்று தெளிவாகவே வரையறுத்துக்கொண்டார். ஆகவே வழக்கு அவரோடு அன்று. அந்த எல்லையை மறந்து அவருடைய முடிவைத் தென்னகத்துக்கு நீட்டும் வாசிப்போடுதான். அப்படி நீட்டினால், கால்நடை மருத்துவ அறிவு என்பது படைமுகாமிலிருந்து முக்தேசுவர் ஆய்வகத்துக்கும், அங்கிருந்து மாகாணத் துறைக்கும், துறையிலிருந்து தாலுகா மருத்துவருக்கும் படிப்படியாக இறங்கி வந்த ஒன்றாகிவிடும்; அந்த ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர் கேட்டுக்கொள்பவராக மட்டுமே தோன்றுவார். தொடர்கல்வி என்ற சொல்லுக்கும் அப்போது சுற்றறிக்கையும் புத்தாக்கப் பயிற்சியும் தவிர வேறு பொருள் இராது.

சென்னை மாகாணத்தின் சான்றுகள் இந்த ஏணிக்குள் முழுமையாக அடங்கவில்லை. ஹாலன் குழு அறிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் முன்பாகவே, 1866இல், இங்கு மாட்டு நோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஏட்டில் எழுதிய சட்டம் எந்தத் தொழுவம்வரை சென்றது என்பது வேறு கேள்வி. ஆயினும் மாடு நிருவாகத்தின் பார்வைக்கு வந்துவிட்டது என்பதற்கு அது சான்றே. 1903இல் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஜி.எம்.வி.சி. என்னும் பட்டயம் பெற்றவர்களை மாகாணமெங்கும் அனுப்பியது. அவர்கள் தாலுகாக்களில் பெரும்பாலும் தனித்து நின்று பணியாற்றினர். கல்லூரியில் கற்காத நோய்க்குறி ஒன்றைக் கண்டால் கேட்டுத் தெளியப் பக்கத்தில் ஆள் இல்லை.

இத்தனிமைக்கு மருந்தாக வந்தது 1924இல் பி. சீனிவாச ராவ் சென்னையிலிருந்து தொடங்கிய ‘இந்தியன் வெட்டரினரி ஜர்னல்’. அதன் பக்கங்களில் ஆய்வுக் கட்டுரைகளோடு, களத்தில் சிகிச்சை செய்பவர் தாம் பார்த்த நோயாளி விலங்கைப் பற்றி எழுதும் குறிப்புகளும் இடம்பெற்றன. ஒரு மாவட்டத்தில் பணியாற்றியவர் கண்டதை இன்னொரு மாவட்டத்தில் பணியாற்றியவர் படித்துத் தம் அடுத்த நோயாளியிடம் சோதித்துப் பார்க்க வழி பிறந்தது. இதைத் தொடர்கல்வி என்று அழைக்க அன்று சொல் இல்லை, செயல் இருந்தது. சட்டம் வர அறுபது ஆண்டுகள் இருக்கையில், தொழில் செய்வோரே ஒருவருக்கொருவர் ஆசிரியராகும் ஏற்பாடு ஒன்று சென்னையில் நிலைபெற்றுவிட்டது. குதிரையை மையமாக்கிய வாசிப்பு 1920இல் நின்றுவிடுவதால் இதைக் காணவில்லை என்பது அதன் குறையன்று. ஆனால் அந்த வாசிப்பை நீட்டுபவர்கள் இதைக் கணக்கில் கொண்டே தீர வேண்டும்.

இக்கட்டுரையின் வாதம் முதன்மையாக ஊன்றி நிற்கும் சான்று கல்லிலோ செப்பேட்டிலோ பொறிக்கப்பட்டதன்று. ஒரு வைரஸ் திரிபின் பெயர். 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசூரில், செம்மறியாடுகளிடையே பரவிய நோய் பி.பி.ஆர். என்று அடையாளம் காணப்பட்டது. இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது அங்குதான். எம். எஸ். ஷைலாவை முதல் ஆசிரியராகக் கொண்ட குறிப்பு 1989இல் ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ இதழில் வெளிவந்தது. தமிழில் ஆட்டுக்கொல்லி நோய் என்று வழங்கும் இது, 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்டது; மாட்டைக் கொல்லும் வெக்கை நோயின் வைரஸுக்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு வைரஸால் வருவது. காய்ச்சல், வாயில் புண், கழிச்சல், மூச்சுத்திணறல் என்று இரண்டின் அறிகுறிகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கண்ணால் பார்த்து மட்டும் பிரித்தறிவது அரிது. வெக்கை வைரஸ் ஆட்டையும் தாக்கக்கூடியது என்பதால், 1987க்கு முன் வாய்ப்புண்ணோடு கழிந்து மடிந்த ஆட்டைப் பார்த்து ‘வெக்கை’ என்று எழுதிய மருத்துவர் தவறு செய்தவர் அல்லர். தமக்குக் கற்பித்ததைச் சரியாகவே எழுதினார்.

அந்த வைரஸ் திரிபுக்கு வழங்கும் பெயர் ‘அரசூர்/87’. நுண்ணுயிரியலில் திரிபுகளுக்கு ஊரும் ஆண்டும் சேர்த்துப் பெயரிடுவது வழமை என்பதால் இதில் வியப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த வழமையே ஒன்றை ஒப்புக்கொள்கிறது: ஆய்வகம் பின்னால் வந்தது, ஊர் முன்னால் இருந்தது. மாதிரி ஆய்வகத்தை அடைய வேண்டுமானால், ‘இது வெக்கைதானா’ என்ற ஐயம் களத்தில் யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அந்த ஐயத்துக்கு உரியவர் யார் என்பதைப் பெயர் சொல்லவில்லை. கல்வெட்டு அரசன் பெயரைச் சொல்லிக் கல்தச்சன் பெயரை விட்டுவிடுவதுபோல் இதுவும் ஊரைச் சொல்லி ஆளை விட்டுவிட்டது. இவ்விடத்தில் சான்று மெலிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கமான நோய்க் கண்காணிப்பின் பகுதியாகவே மாதிரி அனுப்பப்பட்டது என்று ஒருவர் வாதிட்டால், இந்தப் பெயரை மட்டும் வைத்து அதை மறுக்க இயலாது. ஆயினும் கண்காணிப்பு என்பதும் தானாக இயங்கும் பொறியன்று. அதே கொட்டிலில் மாடு நலமாக நிற்க ஆடு மட்டும் மடிவதைக் கவனிக்கும் ஒரு கண் இல்லாமல் அது இயங்காது. பாடப்புத்தகம் ஒரே நோய் என்று சொன்ன இடத்தில் இரண்டு இருக்கலாம் என்று எண்ணத் துணியும் மனமே தொடர்கல்வியின் விதை. அது வகுப்பறையில் விளைவதைவிடத் தொழுவத்தில்தான் மிகுதியாக விளைகிறது.

அரசூருக்குப் பின் நடந்ததும் இவ்வாதத்துக்குத் துணை செய்கிறது. 1994 வரை இந்தியாவில் இந்நோய் தென்மாநிலங்களிலேயே அறியப்பட்டிருந்ததால், இதைப் பிரித்தறியும் அனுபவமும் தென்னகத்து மருத்துவர்களிடமே முதலில் சேர்ந்தது; அறிவு வடக்கிலிருந்து தெற்கே இறங்கியது என்ற வரைபடம் இங்கே தலைகீழாகிறது. நாட்டின் கடைசி மாட்டு வெக்கைத் தாக்குதல் 1995இல் வட ஆர்க்காட்டுப் பகுதியில் பதிவாயிற்று. அதற்குப்பின் மருத்துவர்கள் கற்க வேண்டியிருந்தது ஒரு புதிய செயலை அன்று. பழைய செயலை நிறுத்துவதை. வெக்கைத் தடுப்பூசி போட்ட விலங்கின் குருதியில் இருக்கும் எதிர்ப்பொருளை, நோய் வந்து தேறிய விலங்கின் எதிர்ப்பொருளிலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே நோய் அற்றுவிட்டது என்று உலகுக்குக் காட்ட வேண்டுமானால் ஊசியைக் கைவிட்டாக வேண்டும். அதுவரை ஆட்டுக்கும் அந்த ஊசியே காப்பாக இருந்து வந்தது. அவ்விடத்தை நிரப்ப ஆட்டுக்கொல்லிக்கே உரிய தடுப்பூசிகள் உருவாயின: முக்தேசுவரில் இமாசலத்துச் சுங்ரி/96 திரிபிலிருந்து ஒன்று, தமிழ்நாட்டில் அரசூர்/87 திரிபிலிருந்து ஒன்று. 2006இல் இந்தியா வெக்கைத் தொற்று அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் போட்டு வந்த ஊசியைப் போடாமல் விடுவதைக் கற்பது புதிதாக ஓர் ஊசியைக் கற்பதைவிடக் கடினம்; அதை இந்நாட்டுப் பொதுச் சிகிச்சையாளர்கள் செய்து காட்டினர் என்பது போதிய அளவு எழுதப்படாத பெருமை.

சட்டம் இவ்வரலாற்றை எவ்வாறு உள்வாங்கியது என்பது தனிக் கேள்வி. 1984ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்தில் அரியானா, பீகார், ஒரிசா, இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் வேண்டுகோளின்மேல் எழுந்தது. தமிழ்நாடு பின்னர் ஏற்றுக்கொண்டு இணைந்தது. பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லும் அதன் பிரிவு, புதுப்பித்தலைக் கட்டணத்தோடுதான் பிணைக்கிறது. இடைப்பட்ட ஐந்தாண்டில் மருத்துவர் என்ன கற்றார் என்று அப்பிரிவு கேட்பதில்லை. நடுவணரசின் தொழில்திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாகத் தொடர்கல்விப் பயிற்சிகள் நடத்தப்பட்டு வருவது உண்மை. ஆனால் அவை வாய்ப்பாக அமைந்தவை. பிரிட்டனில் 2020 முதல் ஒவ்வொரு கால்நடை மருத்துவரும் ஆண்டுக்கு 35 மணிநேரம் கற்றதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. மணிக்கணக்கு மட்டுமே கல்வியாகிவிடாது என்ற மறுப்பு நியாயமானது. அரசூரில் தோன்றிய ஐயத்தை எந்த மணிக்கணக்கிலும் சேர்க்க முடியாது. எனினும் கேள்வியே கேட்காத சட்டத்தைக் காட்டிலும் குறையோடு கேட்கும் விதி மேல்.

இக்கேள்வியின் கூர்மை இன்று மிகுதியாகத் தெரியும் இடம் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம். இப்பகுதியின் மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் வாலாஜாபாத் அருகிலுள்ள திருமுக்கூடல் கல்வெட்டிலிருந்து தொடங்க விரும்புவது இயல்பு. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திரன் காலத்தில் 15 படுக்கைகளோடு இயங்கிய ஆதுலர் சாலையை அது விவரிக்கிறது. ஆனால் அது மனிதர்க்கான சாலை. அதிலிருந்து கால்நடை மருத்துவத்துக்கு ஒரு கோடு இழுப்பது ஆசையின் வேலையே தவிர ஆய்வின் வேலை அன்று. இப்பகுதியின் கால்நடை மருத்துவருக்குப் பொருள்படும் மாற்றம் 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது தொடங்கி, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தபோது விரைவுற்றது. ஏரியும் மேய்க்காலும் சூழ்ந்த ஊர்களில் கறவை மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் பழகிய கை, அடுக்குமாடிக் குடியிருப்பின் நாய்க்கும் பூனைக்கும் பழக வேண்டியதாயிற்று. மேய்ச்சல் சுருங்கிய இடத்தில் மாடு குப்பைமேட்டுக்குச் செல்கிறது. 2019 அக்டோபரில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பசுவின் இரைப்பையிலிருந்து 52 கிலோ ஞெகிழி அறுவைசெய்து எடுக்கப்பட்டது, நகரின் விளிம்பில் மேயும் மாட்டின் வயிற்றுக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டியது. தீவனத்தோடு விழுங்கிய ஆணியும் கம்பித்துண்டும் வலைப்பையைத் துளைத்து இதயம்வரை செல்லும் நோய் பழைய பாடப்புத்தகத்திலேயே உண்டு. தகடும் கம்பியும் நாள்தோறும் வெட்டப்படும் ஒரு வட்டாரத்தில் அப்பாடத்தை மருத்துவர் புதிதாகத் திறந்து படிக்க வேண்டும்.

மருந்தலமாரியும் மாறிவிட்டது. பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவுக்குக் காரணம் என்று 2004இல் நிறுவப்பட்ட டைக்ளோஃபெனாக் 2006இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. 2019இல் கொலிஸ்டின் உணவுக்கான விலங்குகளில் தடுக்கப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் விலக்கப்பட்டன. அதே காலத்தில் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்துப் பூசும் முறை, தஞ்சைப் பகுதியில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மேற்கொண்ட பணியின் வழியாகத் தேசியப் பால்வள வாரியத்தின் பரிந்துரைக்குள் சென்று, பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கே பாடமாயிற்று. தொழுவத்திலிருந்து வகுப்பறைக்கு அறிவு ஏறிச் சென்ற அரசூர் வழியின் இன்னோர் எடுத்துக்காட்டு இது.

1987க்கு முன் தமிழகத்தில் ‘ஆட்டு வெக்கை’ என்று பதிவானவற்றில் எத்தனை உண்மையில் ஆட்டுக்கொல்லி என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. அந்த வைரஸ் இந்நாட்டுக்குள் வந்த காலம் பற்றிய கணிப்புகளும் அதனோடேயே தொங்கி நிற்கின்றன. சரிபார்க்கத்தக்க வழி ஒன்று உண்டு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் வட்டத்துக்கு உரிய துறைசார் நோய்ப் பதிவுகள் கிடைக்குமானால், ஆட்டு வெக்கை என்று எழுதப்பட்ட ஒவ்வொரு ஊரிலும் அதே மாதத்தில் மாட்டு இறப்பும் பதிவாகியுள்ளதா என்று ஒப்பிட வேண்டும். ஆடு மட்டும் மடிந்த ஊர்கள் தனியே திரண்டு தெரிந்தால் ஐயம் வலுப்படும், தெரியாவிட்டால் இக்கட்டுரையின் ஒரு பகுதி தளரும். அப்பதிவேடுகளைத் தேடிச் செல்பவர் வல்லம், வடகால், மாத்தூர், ஒரகடம் என்று பார்க்கப்போகும் ஊர்ப்பெயர்கள் இன்று சிப்காட் பெயர்ப்பலகைகளிலும் ஆலைப் பேருந்துகளின் முகப்பிலும் எழுதியிருப்பவை.