நடைபழகும் குழந்தைக்கு எந்தக் கடல்? மாமல்லபுரமும் ராமேஸ்வரமும்

மாமல்லபுரம் உல்லாசப் பயணிகளின் ஊர், ராமேஸ்வரம் யாத்ரிகர்களின் ஊர் என்ற பிரிவினை நம் மனத்தில் வெகுகாலமாக உறைந்துகிடக்கிறது. அதனால் சென்னையில் ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்திருக்கும் குடும்பம் இரண்டு நாள் கடற்கரைக்குப் போகலாமா என்று பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது மாமல்லபுரம்தான். ராமேஸ்வரத்தின் பெயரை எடுப்பவர் வீட்டில் இருந்தால் அவர் பெரும்பாலும் பாட்டியாக இருப்பார். அவர் சொல்லும் காரணமும் கடலாக இருக்காது. ஆனால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கரைகளிலும் நின்று பார்த்தால் இந்தப் பிரிவினை தலைகீழாகிவிடுகிறது. உல்லாச ஊரின் கடல் பார்ப்பதற்கு. யாத்திரை ஊரின் கடல் இறங்குவதற்கு.

மாமல்லபுரத்தின் முன்னால் இருப்பது திறந்த வங்காள விரிகுடா. நெடுந்தொலைவிலிருந்து உருண்டு வரும் அலையைத் தடுக்க வழியில் எதுவும் இல்லை. கரையும் நீர் விளிம்பில் சட்டென்று சரிகிறது. அலை உடைந்து திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகிறது. பெரியவர்களுக்கே இங்கே குளிக்க இறங்குவது ஆபத்து. அலைச்சறுக்கு பழகுகிறவர்கள் கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் தேடி வருவது எதனாலோ, அதனாலேயே இரண்டடி உயரக் குழந்தை இந்த நீரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும்.

ராமேஸ்வரத்து அக்னி தீர்த்தத்தின் முன்னால் இருப்பதும் அதே வங்கக் கடலின் ஒரு மடிதான். ஆனால் பாக் நீரிணை ஆழமற்றது. கிழக்கிலும் தெற்கிலும் இலங்கையும் மணல்திட்டுகளும் அதற்கு அரணாக நிற்கின்றன. பெரிய அலை உள்ளே வரும்போதே களைத்துவிடுகிறது. வருடத்தின் பெரும்பகுதி நீர் ஏரியைப் போலக் கிடக்கும்; இடுப்பளவு நீரில் முதியவர்கள் சங்கல்பம் சொல்லி நிதானமாக மூழ்கி எழுவார்கள். இங்கே ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. மாமல்லபுரத்திலும் கடலுக்கு ஒரு தடுப்பு இருக்கிறது. கடற்கரைக் கோயிலை அரிப்பிலிருந்து காக்க அதன் அடியில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு கோயிலுக்காக மனிதன் கரை கட்டினான். இங்கே ஒரு தீவே கரையாக நிற்கிறது. அங்கே பலன் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கல்லுக்கு. இங்கே பலன் குளிக்க வருகிற எல்லோருக்கும்.

இத்தோடு ராமேஸ்வரமே சிறந்தது என்று முடித்துவிட முடியாது. மாமல்லபுரத்தில் அலையின் இரைச்சலே காவல்காரனின் வேலையைச் செய்கிறது. எந்தத் தகப்பனும் குழந்தையின் கையை விடமாட்டான். ராமேஸ்வரத்தில் நீர் சத்தமில்லாமல் கிடக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவர் கைபேசியை எடுத்துவிடுகிறார். இந்த வயதில் குழந்தையின் தலை உடம்பின் அளவுக்கு மீறிய கனம். ஒரு சாண் நீரில் குப்புற விழுந்தாலும் தானாக எழ முடியாது, கத்தவும் முடியாது. ஆக, ஓரிடத்தில் ஆபத்து கடலில் இருக்கிறது. மற்றதில் ஆபத்து நம் கவனத்தில் இருக்கிறது. இரண்டு கரைக்கும் விதி ஒன்றுதான்: பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில், குழந்தையைத் தவிர வேறு வேலையில்லாமல் இருக்க வேண்டும்.

அக்னி தீர்த்தத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. தோஷம் கழிய வேண்டும் என்று உடுத்திய துணியை நீரிலேயே விட்டுப் போகிற வழக்கத்தால் காலில் துணி சிக்குகிறது. பூவும் இலையும் மிதக்கின்றன. கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் வயதுக்கு இது ஏற்ற இடமல்ல. அதே அமைதியான நீர் வேண்டுமென்றால் அரியமான் கடற்கரைக்குப் போகலாம். ராமநாதபுரத்துக்கும் பாம்பன் பாலத்துக்கும் இடையில், முக்கியச் சாலையிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கிறது. சவுக்கு மர நிழல், மெல்லச் சரியும் மணல், பெயருக்கு ஓர் அலை. ராமேஸ்வரம் போகிற பேருந்துகள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகின்றன. குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தின் நல்ல கரை இதுதான் என்பது என் கணிப்பு.

காலம் பார்ப்பதில் இரண்டு ஊர்களும் பாதி வழி ஒன்றாக நடந்து, பிறகு பிரிகின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக்காற்று இரண்டு கரைகளையும் ஒன்றாகவே கெடுத்துவிடும். அந்த வாடைக்காற்றில் பாக் நீரிணையும் கலங்கி அலையடிக்கும். அப்போது தீவின் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முறை மாறும். தனுஷ்கோடிப் பக்கத்தில் ஒரு புறத்தைப் பெண் கடல் என்றும் மறுபுறத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள்; அந்தச் சாலையில் போனால் இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம். மாமல்லபுரத்துக்கு அப்படி மாற்றுக் கடல் கிடையாது. ஆனால் ராமேஸ்வரத்தின் இந்த அனுகூலம் கண்ணுக்குத்தான், காலுக்கு அல்ல. அந்தச் சாலை முடியும் அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமை, நிழல் இல்லை, மணல் முகத்தில் அறையும். குழந்தையைத் தோளில் வைத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டிய இடம் அது.

டிசம்பரைப் பற்றி ஒரு சொல். 1964 டிசம்பர் 22 இரவு எழுந்த புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று மாமல்லபுரத்தில் ஏறி வடிந்த ஆழிப்பேரலை, மணலுக்குள் புதைந்திருந்த பல்லவர் காலச் சிற்பங்களை வெளியே காட்டிவிட்டுப் போனது. ஓரிடத்தில் கடல் ஊரை மூடியது. மற்ற இடத்தில் பழையதைத் திறந்தது. மூத்த பிள்ளையின் அரையாண்டு விடுமுறையை ஒட்டி இந்த மாதத்தில் கிளம்புகிறவர்கள் வரலாற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வானிலை அறிக்கைக்குப் பயப்பட வேண்டும்.

கடலில் இறங்க முடியாத மாமல்லபுரம் தன் குறையைக் கல்லால் ஈடுகட்டுகிறது, அதுவும் குழந்தையின் கண் மட்டத்தில். அர்ச்சுனன் தபசு என்று நாம் அழைக்கும் பாறையில் பெரியவர்கள் மேலே கங்கையையும் முனிவரையும் தேடும்போது, குழந்தை கீழே பெரிய யானையின் காலடியில் நிற்கும் குட்டிகளைப் பார்த்துக் கைநீட்டும். பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையும் அதை நம்பி நிற்கும் எலிகளும் அங்கேயே இருக்கின்றன. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கிக்கொடுக்கும் பசு இருக்கிறது. பல்லவச் சிற்பிகள் ஒன்றரை வயதுக்காரரை மனத்தில் வைத்துச் செதுக்கினார்களோ என்று தோன்றும். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவில் வழவழப்பான சறுக்குமரம் ஒன்று இயற்கையாகவே அமைந்திருக்கிறது. போகும் வழியில் வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை. தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமும் இல்லை.

ராமேஸ்வரத்தில் கல் இல்லாமல் இல்லை. ஆனால் அது வேறு வகையில் குழந்தைக்கு உதவுகிறது. கோயிலின் மூன்றாம் பிராகாரத்தின் நீளம் பெரியவர்களுக்கு வியப்பு, நடைபழகுகிறவருக்கு ஓடுகளம். வெயிலும் வண்டியும் இல்லாத இப்படியொரு பாதை எந்த ஊரிலும் எளிதில் கிடைக்காது. இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நடப்பவர்களால் சில இடங்களில் தரை வழுக்கும், அதுதான் எச்சரிக்கை. அசையும் பொருளில் ஆசை கொண்ட குழந்தைக்கு இங்கே ரயில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில், கடலுக்கு நடுவே பெட்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போவதைப் பார்த்த குழந்தை அன்று முழுவதும் வேறு எதையும் கேட்காது. ஓரிடத்தில் அசையாத யானை, ஓரிடத்தில் அசையும் ரயில். இரண்டிலும் கடல் வெறும் பின்னணியாகிவிடுகிறது என்பதுதான் நான் எதிர்பாராத உறவு. அந்த வயதுக்கு அடிவானம் ஒரு பொருட்டல்ல. ஈர மணலில் தோண்டிய குழி, அதில் ஊறும் நீர், ஒரு கிளிஞ்சல், அவ்வளவுதான் அதன் கடல்.

தொலைவைப் பொறுத்தவரை வரைபடம் நம்மை ஏமாற்றும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டருக்கும் குறைவு. ராமேஸ்வரம் ஓர் இரவு ரயில். ஆனால் காரில் கட்டுண்டு உட்காரும் ஒன்றரை மணி நேரம் குழந்தைக்குச் சிறை. ரயிலில் நடைபாதை உண்டு, ஜன்னல் உண்டு, தூங்கி எழுந்தால் ஊர் வந்திருக்கும். தனிப் படுக்கை கேட்காவிட்டால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட்டும் வேண்டாம். ஒரு குறை: இரவு ரயில்கள் பொதுவாக விடியுமுன்னே பாலத்தைக் கடந்துவிடும். பாலத்தைக் காட்ட வேண்டுமென்றால் மதுரை வரை வேறு ரயிலில் போய், அங்கிருந்து பகல் பாசஞ்சரில் போவது நல்லது. மாமல்லபுரத்தின் பலம் போவதில் இல்லை, திரும்புவதில் இருக்கிறது. நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் விடியுமுன் வீடு சேரலாம். ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் ராமநாதபுரம் வரை 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

சாப்பாட்டில்தான் இரண்டு ஊர்களும் உடன்பிறப்புகள். மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டவருக்குச் சமைத்துப் பழகிய கை காரத்தைக் குறைக்கத் தெரிந்த கை. ராமேஸ்வரத்துச் சன்னதித் தெருக்களில் வட இந்திய யாத்ரிகர்களுக்குச் சமைத்துப் பழகிய கையும் அப்படித்தான். ஒருவர் வெள்ளைக்காரருக்காகவும் மற்றவர் விரதக்காரருக்காகவும் காரத்தைக் குறைத்தார். பலன் மசாலா தாங்காத பிஞ்சு நாக்குக்கு. காலையில் இட்லியும் மதியம் பருப்புச் சாதமும் தயிர்ச் சாதமும் இரண்டு ஊர்களிலும் கேட்காமலே கிடைக்கும்.

கூட்டமும் அப்படியே. மாமல்லபுரத்துக்குக் காணும் பொங்கலும் ஞாயிற்றுக்கிழமையும் ஆகாது. ராமேஸ்வரத்துக்குத் தை, ஆடி அமாவாசைகள் ஆகாது. ஆனால் துணைக்கு யார் வருவார் என்பதில் வித்தியாசம் பெரிது. மாமல்லபுரத்து விடுதிக்குப் பெற்றோர் மட்டுமே போகிறார்கள். குழந்தை தூங்கும் நேரத்தில் ஒருவர் அறையில் அடைபட்டிருக்க வேண்டும். ராமேஸ்வரம் என்றால் தாத்தா பாட்டி கேட்காமலே பெட்டி கட்டுவார்கள். அவர்கள் தீர்த்தமாடும் காலையை நாம் விட்டுக்கொடுத்தால், மதியத் தூக்கத்துக்குக் காவல் அவர்கள் பொறுப்பு. இந்த ஏற்பாட்டின் மதிப்பு எந்த விடுதி விளம்பரத்திலும் இருக்காது.

என் முடிவு இது. குழந்தை இன்னும் உறுதியாக நடக்கவில்லை என்றால், அல்லது பெற்றோர் இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால், வார நாளில் மாமல்லபுரம். கடலைக் காலையில் அரைமணி, சிற்பங்களை மாலையில் ஒரு மணி, நடுப்பகல் முழுதும் அறை. இரண்டு வயதைத் தாண்டி ஓடத் தொடங்கிய குழந்தையும் கூடவே ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், மாசி, பங்குனியில் ராமேஸ்வரம். குளியல் மட்டும் அரியமானில். எங்கே போனாலும் கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் தரைத்தளத்து அறையைக் கேளுங்கள். பால்கனிக் கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையுமா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், இரவில் பால் காய்ச்சித் தருவார்களா என்ற மூன்றையும் தொலைபேசியில் விசாரித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.