தீப்பெட்டி ஆபீசில் பாதுகாப்பு குறைபாடா? ரூ.3 லட்சம் வரை அபராதம்: குறைக்க வழி என்ன?

எட்டயபுரம்,

எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை பகுதி வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் இங்குள்ள ஏழை குடும்பங்களுக்கு சோறு போடுவது தீப்பெட்டி ஆபீஸ்தான். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

தொழிலோ நெருப்போடு விளையாடும் தொழில். ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் பல முதலாளிகள் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டு விடுகிறார்கள். நோட்டீஸ் வந்த பிறகுதான் ஓட்டம். இனி அப்படி இருந்தால் கையை கடித்து விடும்.

எவ்வளவு கூடியது?

இதுவரை இருந்தது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். அதன்படி சாதாரண விதிமீறலுக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். குறைந்தபட்ச தொகை கிடையாது. அதனால் கோர்ட்டில் சில ஆயிரம் கட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு.

2025 நவம்பர் 21-ந்தேதி முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய தொழில் பாதுகாப்பு சட்ட தொகுப்பில் கணக்கே வேறு. சாதாரண விதிமீறலுக்கு சிறை இல்லை. ஆனால் அபராதம் குறைந்தது ரூ.2 லட்சம், அதிகபட்சம் ரூ.3 லட்சம். அதன் பிறகும் சரி செய்யாமல் இருந்தால் தினமும் ரூ.2 ஆயிரம் வரை கூடும்.

10 பேர் வேலை பார்க்கும் இடமாக இருந்தாலே இந்த சட்டம் பாயும். நவம்பர் 21-க்கு முன்பு நடந்த குற்றத்துக்கு புதிய சட்டத்தின் கூடுதல் அபராதத்தை போட முடியாது.

உயிர் போனால்...

பாதுகாப்பு குறைபாட்டால் தொழிலாளி இறந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.5 லட்சத்துக்கு குறையாத அபராதம், அல்லது இரண்டும். பலத்த காயம் என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.2 லட்சம் முதல் ரூ.4 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அபராதத்தில் பாதிக்கு குறையாத தொகையை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு கொடுக்க கோர்ட்டு உத்தரவிடலாம்.

அபராதம் கட்டியதோடு தீர்ந்து விடாது. சட்டப்படியான நஷ்டஈடு தனி. பக்கத்து விருதுநகர் மாவட்டம் அச்சன்குளம் பட்டாசு ஆலையில் 2021 பிப்ரவரி 12-ந்தேதி நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கு தலா ரூ.20 லட்சம் வழங்க தேசிய பசுமை தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு

* ஆய்வில் சொன்ன குறைகளை எழுத்து மூலம் வாங்கி, வரி விடாமல் படிக்க வேண்டும். கொடுத்த கெடு தேதியை குறித்து வைக்க வேண்டும்.

* உடனே சரி செய்து, முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, வேலை பார்த்த பில்லோடு பதில் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கு ரசீது முக்கியம்.

* ஒரே நாளில் முடியாத வேலை என்றால் காரணத்தை எழுதி அவகாசம் கேட்கலாம். பேசாமல் இருப்பதுதான் தப்பு.

* ரிஜிஸ்டரை பழைய தேதி போட்டு எழுதி சமாளிக்க கூடாது. அது தனி குற்றம், அதற்கு சிறையும் உண்டு.

வழக்கு வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. குற்றம் இன்ஸ்பெக்டருக்கு தெரிந்த நாளில் இருந்து 6 மாதம் வரை அவர் புகார் கொடுக்கலாம். எழுத்து மூலம் கொடுத்த உத்தரவை மீறி இருந்தால் ஓராண்டு வரை நேரம் உண்டு.

பாதி கட்டி முடிக்கலாம்

அபராதம் மட்டுமே உள்ள குற்றம், அதுவும் முதல் தடவை என்றால் சமரசமாக முடிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. அதிகபட்ச தொகையில் பாதியை கட்ட வேண்டும். அதாவது ரூ.3 லட்சம் என்றால் ரூ.1½ லட்சம்.

ஆனால் அதே மாதிரி குற்றத்தை சட்டம் சொல்லும் காலத்துக்குள் மறுபடி செய்தால் இந்த சலுகை கிடையாது. உயிர் போன வழக்குக்கும் கிடையாது. அபராத உத்தரவு சரியில்லை என்று கருதினால் மேல் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம்.

அபராதமே வராமல் இருக்க

பாதி அபராதமும் சின்ன ஆபீசுக்கு பெரிய அடிதான். அந்த ரூ.1½ லட்சத்தை வைத்து பார்த்தால் கீழே உள்ளவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

* குச்சி முனை மருந்துக்கான குளோரேட்டையும், பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சிவப்பு பாஸ்பரசையும் ஒரே அறையில் வைக்க கூடாது. இரண்டும் கலந்தால் லேசான உரசலிலேயே வெடிக்கும்.

* கழிவு குச்சிகளை தினமும் அப்புறப்படுத்த வேண்டும். வெயில் காலத்தில் குவிந்து கிடக்கும் கழிவே பெரிய ஆபத்து.

* மணல் வாளி, தண்ணீர் டிரம் எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். தண்ணீர் பஞ்சம் என்று சொல்லி காலி டிரம் வைப்பதில் அர்த்தமில்லை.

* கதவு வெளிப்பக்கமாக திறக்க வேண்டும், பூட்ட கூடாது. வழியில் பண்டல் அடுக்க கூடாது.

* மெஷின் பெல்ட்டுக்கு மூடி, ஒயரிங்குக்கு எர்த் அவசியம்.

* பயிற்சி கொடுத்த தேதியும், கலந்து கொண்டவர்களின் கையெழுத்தும் நோட்டில் இருக்க வேண்டும். நாளை விசாரணை என்று வந்தால், 'நான் கவனமாகத்தான் இருந்தேன்' என்று முதலாளி காட்ட கையில் இருக்கும் சாட்சி அந்த நோட்டுதான்.

தொழிலாளர்கள் கவனத்துக்கு

பாதுகாப்பு பொருட்களுக்காக சம்பளத்தில் பிடித்தம் செய்ய கூடாது. ஆபத்தான நிலையை கண்டால் முதலாளியிடமோ, இன்ஸ்பெக்டரிடமோ சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதேபோல் தொழிலாளி தன் கடமையை மீறினால் அவருக்கும் ரூ.10 ஆயிரம் வரை அபராதம் விதிக்க சட்டத்தில் இடம் உள்ளது.

அபராதத்தை பாதியாக குறைக்கலாம். தீயில் கருகிய கையை எந்த கோர்ட்டாலும் திருப்பி தர முடியாது என்பதை முதலாளிகள் நினைவில் வைப்பது நல்லது.