சாளரத்து விளக்கும் அரசின் விளக்கும்

அரசுகள் சமய விழாக்களை நடத்துவது வரலாற்றிற் புதியதன்று. ஆனால், ஒரு நாட்டிற் சிறு தொகையினராக வாழும் மக்களின் விழாவை அந்நாட்டு அரசே தன் மாளிகையில் இசையோடும் விளக்கோடும் நடத்துவது அண்மைக்கால வழக்கமாகும். அமெரிக்காவின் வெள்ளை மாளிகையில் நடைபெறும் ஹனுக்கா விழா இதற்குத் தக்க சான்று. 1798ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மரைன் படையின் இசைக்குழு இசைக்க, ஒன்பது கிளைகளையுடைய மெனோரா விளக்கு அங்கு ஏற்றப்படுகிறது. இக்காட்சியைக் கண்டு மகிழ்வதோடு நாம் அமைந்துவிடலாமா? அவ்விளக்கு எங்கிருந்து புறப்பட்டு அம்மாளிகையை அடைந்தது என்பதனை ஆராய்தல் வேண்டும்.

ஹனுக்கா அரசுகள் தந்த விழாவன்று. ஓர் அரசை எதிர்த்து எழுந்தோரின் விழா. கி. மு. 167ஆம் ஆண்டளவில், யூதேயாவை ஆண்ட செலூசிட் மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், யூதர்தம் சமய ஒழுக்கங்களைத் தடைசெய்தான்; ஜெருசலேம் ஆலயத்திற் பிற தெய்வ வழிபாட்டைப் புகுத்தினான். இதனை எதிர்த்து யூதா மக்கபேயின் தலைமையிற் கிளர்ச்சி நடந்தது. கி. மு. 164இல் ஆலயம் மீட்கப்பட்டுத் தூய்மையாக்கப்பட்டது. ஹனுக்கா என்னும் சொல்லின் பொருள் அர்ப்பணம் என்பதாகும்.

மக்கபேயரின் வரலாறு கூறும் பழைய நூல், பாடலும் யாழும் தாளமும் ஒலிக்க எட்டு நாள்கள் விழா நடந்ததாகச் சொல்கிறது. ஒரு நாளைக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற அற்புதக் கதையை அந்நூலிற் காண்கிலோம். பல நூற்றாண்டுகள் பிந்திய தல்மூத்திலேயே அது வருகிறது. எட்டு நாளுக்கு எட்டுச் சுடர், அவற்றை ஏற்றுதற்கு ஒன்று என ஒன்பது சுடர்கள் அமைந்தன. ஆலயத்தில் இருந்த பழைய மெனோராவுக்கோ ஏழு கிளைகளே. நாடிழந்து சிதறிய மக்கள், ஆலயத்து விளக்கை நினைந்து, வீட்டு விளக்கை ஏற்றினர்.

அவ்வீட்டு விளக்கை எங்கு வைப்பது? தல்மூத் கூறும் விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. வீட்டு வாயிலின் வெளியே வைக்க வேண்டும். மேல்மாடியில் வாழ்பவன் தெருவை நோக்கிய சாளரத்தில் வைக்க வேண்டும். ஆபத்துக் காலமாயின், வீட்டினுள்ளே மேசைமீது வைத்தாலே போதும். வாயில், சாளரம், மேசை ஆகிய இம்மூன்று இடங்களும் வெறும் சடங்கு விதிகளல்ல. அயலாரிடையே ஒரு மக்கட் கூட்டம் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அளந்து காட்டும் கோல்கள் அவை. அச்சம் அற்ற நாளில் விளக்கு தெருவைப் பார்க்கும். அச்சம் சூழ்ந்த நாளில் அது மேசைக்கு ஒதுங்கும்.

1931ஆம் ஆண்டு டிசம்பரில், ஜேர்மனியின் கீல் நகரில், அந்நகர் யூத குரு அகிவா போஸ்னரின் மனைவி ராஹேல் ஒரு புகைப்படம் எடுத்தார். சாளரத்தில் மெனோரா, எதிரேயுள்ள கட்டடத்தில் நாஸிக் கட்சியின் கொடி. ஹிட்லர் ஆட்சியேற ஓராண்டுக்குச் சற்றே கூடிய காலம் எஞ்சியிருந்தது. ஆபத்து எதிர்வீட்டிலேயே நின்றும் அவ்விளக்கு மேசைக்குப் போகவில்லை. ஆயினும் 1933இல் அக்குடும்பம் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 2022 டிசம்பரில் அதே மெனோரா பேர்லினுக்குக் கொண்டுவரப்பட்டது. போஸ்னரின் வழித்தோன்றல்கள் உடனிருக்க, ஜேர்மன் ஜனாதிபதி ஸ்ரைன்மையரின் பெல்வியூ மாளிகையில் அது ஏற்றப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்குமுன் ஒரு குடும்பம் தனித்து நின்று ஏற்றிய விளக்கை அரசு வணங்கியது. நன்றே, ஆனால் காலம் மிகக் கடந்த நன்று.

வெள்ளை மாளிகைக்கு இவ்விளக்கு படிப்படியாகவே வந்து சேர்ந்தது. 1951இல் இஸ்ரேலியப் பிரதமர் பென்-குரியன் ஜனாதிபதி ட்ரூமனுக்கு ஒரு மெனோராவைப் பரிசளித்தார். 1979இல் ஜனாதிபதி கார்ட்டர் மாளிகைக்கு எதிரேயுள்ள லாபயெற் பூங்காவிற்கு நடந்து சென்று விளக்கேற்றினார். 1993இல் கிளின்டன் பள்ளிச் சிறாரைத் தம் அலுவலகத்திற்கு அழைத்து ஏற்றினார். 2001இல் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் முதன்முறையாக முறையான ஹனுக்கா விருந்தை நடத்தினார். பரிசுப்பொருள், பூங்கா, அலுவலகம், விருந்து மண்டபம் என ஏற்பு வளர்ந்தது.

அரசின் நிலத்தை அடைந்த விளக்கு ஒரு விலையும் கொடுத்தது. 1989இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், பிற்ஸ்பேர்க் நகரின் அரச கட்டடத்துக்கு வெளியே நத்தார் மரத்தின் அருகில் நின்ற மெனோராவை அனுமதித்தது. அயலிலுள்ள நீதிமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் தனித்து வைக்கப்பட்ட இயேசு பிறப்புக் காட்சியை அனுமதிக்கவில்லை. மரமும் விளக்கும் சேர்ந்து பொதுவான பண்டிகைக் காலத்தைக் குறிக்கும் என்பது, அனுமதித்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று. அரசை எதிர்த்த கிளர்ச்சியின் நினைவுச் சின்னம், அரசின் முற்றத்தில் எவரையும் உறுத்தாத அலங்காரமாகிவிடக்கூடும் என்பதனை இது காட்டுகிறது.

கிளின்டன் விளக்கேற்றிய அதே 1993 டிசம்பரில், மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் வேறொன்று நிகழ்ந்தது. அங்கு மிகச் சில யூதக் குடும்பங்களே வாழ்ந்தன. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் படுக்கையறைச் சாளரத்தில் மெனோரா வைக்கப்பட்டிருந்தது. அச்சாளரத்தை இனவெறியர் கல்லெறிந்து உடைத்தனர். அடையாளங்களை அகற்றிவிடுமாறு தாய்க்கு ஆலோசனை கூறப்பட்டது. ஆபத்துக் காலத்து மேசை விதியையே அவ்வாலோசனை அறியாமற் சொல்லியது எனலாம். நகர மக்களோ வேறு விடை கூறினர். உள்ளூர்ப் பத்திரிகை ஒரு முழுப் பக்கத்தில் மெனோராவின் படத்தை அச்சிட்டது. கிறிஸ்தவ வீடுகள் உட்பட ஆயிரக்கணக்கான வீடுகளின் சாளரங்களில் அக்கடதாசி விளக்கு ஒட்டப்பட்டது. மேலும் சில சாளரங்கள் உடைக்கப்பட்டன. மேலும் பல சாளரங்களில் விளக்குகள் தோன்றின. அதே ஆண்டில், செவ்விந்தியக் குடும்பமொன்றின் வீட்டுச் சுவரில் எழுதப்பட்ட இழிசொற்களை வர்ணம் பூசும் தொழிலாளரின் சங்கத்தினர் கூலியின்றி மறைத்ததும் இந்நகரிலேயே. சுடரும் எண்ணெயும் இல்லாத அக்கடதாசி மாளிகையின் விளக்கினும் பேரொளி வீசியது என நாம் துணிந்து கூறுவோம்.

இங்கு மக்கபேயரின் பிற்கால வரலாற்றையும் மறத்தலாகாது. கிளர்ச்சி வென்றபின் அவர்தம் குடியினரே அரசராயினர். யூதா மக்கபேயின் உடன்பிறந்தான் மகனான யோவான் ஹிர்க்கானஸ், இதுமேயரை வென்று, விருத்தசேதனத்தையும் யூத ஒழுக்கத்தையும் ஏற்றாலன்றி அவர்கள் தம் நாட்டில் இருத்தலாகாது எனக் கட்டளையிட்டதாக ஜோசீபஸ் எழுதுகிறார். வன்முறையால் தம் சமயத்தைக் காத்தவர் வழிவந்தோர், வன்முறையால் அதனைப் பிறர்மீது சுமத்தினர். இது ஓர் இனத்துக்கு மட்டுமுரிய குற்றமன்று. ஒடுக்கப்பட்டோர் ஆட்சியை அடையுமிடத்தெல்லாம் காத்திருக்கும் சோதனை.

ஆகவே, மாளிகையில் ஏற்றப்படும் விளக்கை நாம் இகழ்வதில்லை. புறக்கணிக்கப்பட்டோரை அரசு மதித்தல் நாகரிகத்தின் அடையாளமே. ஆனால், அவ்விழாவைக் கொண்டு ஓர் அரசை அளத்தல் இயலாது. ஆண்டுக்கொருமுறை எவரை விருந்துக்கு அழைக்கிறது என்று கேட்பதிலும், அந்நாட்டின் மிகச் சிறிய மக்கட் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை தன் சாளரத்தில் விளக்கை வைத்துவிட்டு அஞ்சாது உறங்குகிறதா என்று கேட்பதே முறை. அதற்கு விடை மாளிகையில் இல்லை. அயல்வீட்டாரின் சாளரங்களில் இருக்கிறது.